‘பாம்’ என்றால் கையா, மரமா?

மாணவர்களே, நிபோங் திபால் என்ற ஊர்ப் பெயரிலேயே ஒரு மரம் இருக்கிறது. மலாய் மொழியில் ‘நிபோங்’ என்பது உடலெங்கும் முள் நிறைந்த ஒரு பனை வகை. ‘திபால்’ என்றால் அடர்த்தி, தடிமன். கிரியான் ஆற்றோரம் இம்மரங்கள் அடர்ந்து வளர்ந்ததால் இப்பெயர் வந்தது என்பர். உப்பு நீரில் எளிதில் உளுத்துப்போகாத இதன் தண்டுகளை மீனவர்கள் கேலோங் கம்பங்களாகக் கடலில் நட்டனர்.

நிபோங், தென்னை, செம்பனை, பனை ஆகிய நான்குக்கும் ஆங்கிலத்தில் பொதுப்பெயர் ‘பாம்’. உள்ளங்கைக்கும் அதே ‘பாம்’தான். எழுத்தில் ‘எல்’ உண்டு, உச்சரிப்பில் இல்லை. கைக்கும் மரத்துக்கும் என்ன உறவு?

வேர் ஒன்று, வழி இரண்டு

இலத்தீன் மொழியில் ‘பல்மா’ என்றால் உள்ளங்கை. விரல்களை விரித்த கைபோல ஓலை இருந்ததால் மரத்துக்கும் அப்பெயர் வந்தது என மொழியறிஞர்கள் விளக்குகின்றனர். ஆங்கிலத்துக்குள் மரத்தின் பெயர் முதலில் நுழைந்தது. கையின் பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, பிரெஞ்சு வழியாக வந்தது. ரோமானியர் வெற்றி பெற்றவருக்கு ஓலைக் கிளை கொடுத்ததால், ‘பாம்’ என்பதற்கு வெற்றி என்ற பொருளும் சேர்ந்தது. வித்தைக்காரர் நாணயத்தை உள்ளங்கையில் மறைப்பதையும் இச்சொல்லால் குறிப்பர்.

எல்லாச் சொல்லும் இப்படியல்ல. ‘டேட்’ என்றால் பேரீச்சம்பழம். நாள் என்றும் பொருள். பழத்தின் பெயர், விரலைக் குறிக்கும் ‘டாக்டிலோஸ்’ என்ற கிரேக்கச் சொல் வழியாக வந்தது. நாளைக் குறிக்கும் சொல்லோ, ‘கொடுக்கப்பட்டது’ எனும் பொருளுள்ள இலத்தீன் ‘தாத்தா’விலிருந்து பிறந்தது. ஒலி ஒன்று, வேர் இரண்டு!

அறிவியலில் ‘பாம்’

கைவடிவ இலையைத் தாவரவியலில் ‘பால்மேட்’ என்பர். பனையோலை இவ்வகை. ஆனால் நிபோங், தென்னை, செம்பனை ஆகியவற்றின் மட்டைகள் இறகு வடிவம், இவை ‘பின்னேட்’. பெயரில் கை இருந்தும் இலையில் கை இல்லை! ஆகவே, ‘பாம்’ என்றாலே ‘பால்மேட்’ என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

வேதியியலிலும் இச்சொல் உண்டு. 1840இல் பிரெஞ்சு வேதியியலாளர் எட்மோன் ஃபிரேமி செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்துக்குப் ‘பால்மிட்டிக் அமிலம்’ என்று பெயர். அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இது சுமார் 44 விழுக்காடு. நம் உடல் கொழுப்பிலும் இது இருக்கிறது.

ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

மலாய் மொழியில் உள்ளங்கை ‘தாப்பாக் தாங்கான்’, செம்பனை ‘கெலாப்பா சாவிட்’. தமிழிலும் மலாயிலும் தனித்தனிச் சொற்கள் இருக்க, ஆங்கிலத்தில் ஒரே சொல். அகராதியின் முதல் பொருளை மட்டும் பார்த்தால், ‘பாம் ஆயில்’ உங்கள் விடைத்தாளில் ‘உள்ளங்கை எண்ணெய்’ ஆகிவிடும்! முழு வாக்கியத்தையும் படியுங்கள். பாடம் எதைப் பற்றியது என்று பாருங்கள். பிறகு பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

செய்து பாருங்கள்: வீட்டிலுள்ள சவர்க்காரம், பிஸ்கட், பால்மாவு உறைகளில் ‘பால்மி’ என்று தொடங்கும் சொற்களைத் தேடுங்கள். எத்தனை கிடைக்கின்றன?