ஒற்றைத் தந்தியில் எழுந்த அலை

அண்மையில் என் மாணவன் ஒருவன் ஓர் இசைப்பதிவைக் கேட்கச் செய்து, "சொல்லே இல்லாத இவ்விசைக்குப் பொருள் உண்டா, ஐயா?" என வினவினான். கிற்றாரின் பேரோசை செவியிற் பட்டதும், "சொல்லின்றேற் பொருளேது?" எனக் கடிந்து அவனை அனுப்பிவிட்டேன். ஆயினும் அவ்விசை அன்றிரவு என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதன் தொடக்க அடிகளை வாய்க்குள் சரிகமபதநி என நிறுத்திப் பார்த்தேன், வியந்தேன். அவை மாயாமாளவகௌளையின் சுரத்தானங்கள்! நம் சிறார் சரளி வரிசை பயிலும் அதே ஏழு சுரங்கள். கமகம் இன்மையால் இதனை இராகம் எனக் கூறேன். சுரத்தானங்கள் ஒன்றே என்பேன்.

அவ்விசையின் பெயர் 'மிசிர்லூ'. 1962இல் அதனைக் கிற்றாரில் வாசித்தவர் டிக் டேல் என்னும் அமெரிக்கர். அவ்வாண்டு வெளிவந்த அவரது 'சேர்பேர்ஸ் சொய்ஸ்' என்னும் இசைத்தட்டில் அதன் மற்றொரு வடிவம் உண்டு. அத்தட்டில் வாய்ப்பாட்டுக்களும் உள; எனினும் அதற்குப் புகழ் தேடித்தந்தது கிற்றாரே. கலிபோர்ணியாக் கடற்கரையிலே பலகையேறி அலைமேற் சறுக்கி விளையாடும் இளைஞர், பல்போவாவிலுள்ள நடனமண்டபத்தில் அவர் வாசிப்பைக் கேட்கத் திரண்டனர். அவரும் அலைவிளையாட்டிற் பழகியவர். அலையின் வேகத்தைத் தந்தியில் எழுப்ப முயன்றார்.

அவ்வலைக்கும் இச்சுரங்களுக்கும் தொடர்பு யாது? 1937இற் பொஸ்ரன் நகரிற் பிறந்த டேலின் தந்தைவழி லெபனானைச் சார்ந்தது. உறவினர் ஒருவர் 'ஊத்' என்னும் அரபு நரம்புக் கருவியை மீட்டக் கேட்டு வளர்ந்தார். தரபுக்கா என்னும் தோற்கருவியின் தாளத்தையும் பயின்றார். 'எகிப்திய மங்கை' எனப் பொருள்படும் மிசிர்லூ, கிழக்கு மத்தியதரைக் கடற்புறத்து மெட்டு. 1927இலேயே கிரேக்க மொழியில் இசைத்தட்டில் ஏறியது. ஒற்றைத் தந்தியிற் பாட்டு வாசிக்க இயலுமா என ஒரு சிறுவன் கேட்டானென்றும், அப்பொழுது அம்மெட்டே நினைவுக்கு வந்ததென்றும் டேல் கூறியுள்ளார். மெல்ல நடந்த மெட்டு அவர் கையில் துள்ளல் கொண்டது.

டேல் இடக்கையர். வலக்கையர்க்குரிய கிற்றாரைத் தந்தி மாற்றாமலே திருப்பிப் பிடித்தார். தடித்த தந்திகளை மேலுங்கீழுமாக இடைவிடாது மீட்டினார். ஒலிபெருக்கிகள் அவ்வேகத்தைத் தாங்காது பழுதடைந்தன. கிற்றார் செய்வோரான லியோ பெண்டர் அவருக்கென 15 அங்குல ஒலிபெருக்கியுடைய பெரிய பெருக்கிகளை அமைத்துக் கொடுத்தார். இத்தகைய இசையின் ஈரத்தன்மை சுருள்வில் வழியே எதிரொலி எழுப்பும் கருவியால் வந்தது என்பர். டேலின் முதற் பதிவுகளில் அக்கருவி இல்லை. அலை அவர் கையிலேயே இருந்தது.

1994இல் 'பல்ப் பிக்ஷன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் ஒலித்து, மிசிர்லூ புதிய தலைமுறையை அடைந்தது. டேல் 2019இல் மறைந்தார்.

மறுநாள் மாணவனை அழைத்தேன். "பொருள் உண்டு, தம்பி. ஒரு குடும்பத்தின் நினைவும் ஒரு கடலின் வேகமும் அதிலுள. உரை கூறுவோன் முதலிற் கேட்கவேண்டும், நான் கேளாமலே தீர்ப்புக் கூறிவிட்டேன்" என்றேன். பின்னர் இருவரும் அமர்ந்து அப்பதிவை முதலிலிருந்து கேட்டோம்.