ஜெனரேட்டர் வாங்கும் முன்

சமையலும் வெந்நீரும் மின்சாரத்தையே நம்பியுள்ள பெங்களூரு வீடுகளுக்கு ஜெனரேட்டர் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம், முதலில் கொள்திறனையே நாங்கள் விசாரிக்கிறோம். 5 கேவிஏ இயந்திரம், 0.8 திறன் காரணியில், 4 கிலோவாட் மட்டுமே தரும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 2, கீசருக்கு 2 எனில் கணக்கு அங்கேயே முடிந்தது. தண்ணீர் மோட்டாரோ புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கீசரைத் தவிர்த்தால் சிறிய இயந்திரமே போதுமானதாகலாம்; கடனும் குறையும்.

விலைப்பட்டியலில் விடுபடக் கூடாதது சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அதுவின்றிப் பிளக் வழியே வீட்டு வயரிங்கிற்கு இணைப்புக் கொடுத்தால், மின்சாரம் பின்னோக்கிப் பெஸ்காம் கம்பிக்குச் செல்லும். டிரான்ஸ்ஃபார்மர் அதனை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். மின்தடை என நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியர் அந்தக் கம்பியைத் தொடுவார். சுவிட்ச் இடம்பெறாத விலைப்பட்டியலைத் திருத்தி வருமாறு திருப்பித் தருகிறோம்.