வலியின் முகவரி – 11: பந்தலுக்குக் கீழே

பேருந்துப் பலகையில் ‘காமயகவுண்டன்பட்டி’ என்று இருந்தாலும் நடத்துநர் கூவுவது ‘கே.கே.பட்டி’தான். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் திராட்சைப் பந்தல் வந்துவிடும். கல்தூண், மேலே கம்பி வலை, அதில் படர்ந்த கொடி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர்த் திராட்சை இதுதான். பழத்தைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. பந்தலுக்குக் கீழே நிற்கிறவர்களின் முதுகு இந்த வாரத்துக்கு.

கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, இலை கிள்ளுவது, குலை அறுப்பது என்று எதை எடுத்தாலும் கை தலைக்கு மேலே, முகம் வானத்தைப் பார்த்து. ஒரு நாள் செய்து பாருங்கள், சாயங்காலம் சட்டையைக் கழற்றக் கை வராது.

“எங்கன வலிக்குதுக்கா?”

கை பின்னால் போகும், பாதியில் நின்றுவிடும். நடுமுதுகு வலிக்காரர்களை நான் அடையாளம் காண்பது இந்த எட்டாத கையை வைத்துத்தான். “ரெண்டு சப்பட்டைக்கும் நடுவுல சார். மூச்ச இழுத்தா பிடிக்குது. வாயுன்னு சோடா வாங்கிக் குடிச்சேன்.”

ஒரே மூச்சில் ஒரு நல்ல சொல்லும் ஒரு கெட்ட சொல்லும். ‘மூச்சுப்பிடிப்பு’ என்பதை யார் வைத்தார்களோ, உடற்கூறு தெரிந்தவர்கள்தான். நடுமுதுகில் 12 எலும்புகள்; ஒவ்வொன்றிலிருந்தும் இரு பக்கமும் ஒவ்வொரு விலா. மூச்சு விடும்போதெல்லாம் விலா, முதுகெலும்போடு சேரும் மூட்டில் அசைந்துகொடுக்க வேண்டும். அந்த மூட்டோ அதைச் சுற்றிய தசையோ இறுகிவிட்டால், மூச்சு இழுக்கும்போதும் தும்மும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் சுருக்கென்று பிடிக்கும். ‘வாயு’ அப்படியில்லை. அது எதையும் விளக்காமல் எல்லாவற்றையும் விளக்கிவிடும் சொல். மாரடைப்பையும் வாயு என்று சோடாவில் கரைத்த வீடுகள் நம் ஊரில் குறைவா?

அந்த அக்காவிடம் முதுகைத் தொடாமலே ஒன்று செய்யச் சொன்னேன். அண்ணாந்து பார்த்து, அப்படியே கழுத்தை வலப்பக்கம் திருப்புங்கள். “ஆ, அதேதான், அங்கனதான்!” என்றார், இரண்டு சப்பட்டைக்கும், அதாவது தோள்பட்டை எலும்புகளுக்கும், நடுவில். “ஆனா கழுத்துல எனக்கு ஒண்ணுமே இல்லையே சார்?”

இல்லைதான். வலி முதுகில், வழக்கு கழுத்தில். ஹொனலுலுவில் இருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ரால்ப் கிளோவர்ட் 1959-இல் இதை எழுதி வைத்தார். விழித்திருக்கும் நோயாளிகளின் கழுத்து வட்டுகளை ஊசியால் சோதித்தபோது, பலருக்கு வலி கழுத்தில் தெரியவில்லை. தோள்பட்டை எலும்பின் உள் விளிம்பில் தெரிந்தது. பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து நிற்பவருக்கு நடுமுதுகு வலித்தால், முதலில் கழுத்தைப் பார்க்காமல் தைலம் தேய்ப்பது தவறான வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான்.

வலி ஏன் இப்படி இடம் மாற்றிச் சொல்கிறது? கம்பம் பள்ளத்தாக்கில் இதை விளக்குவது சுலபம். பத்து வயலின் வடிநீர் ஒரே வாய்க்காலில் விழுகிறது. கடைமடையில் நிற்கிறவனுக்குக் கலங்கல் தெரியும், எந்த வயலில் வரப்பு உடைந்தது என்று தெரியாது. இதயம், பித்தப்பை, விலாத் தசை, முதுகு மூட்டு, மேலே உள்ள தோல் எல்லாவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தின் நடுமுதுகுப் பகுதியில் வந்து கலக்கின்றன. மூளை கடைமடைக்காரன். தோலும் தசையும் தினமும் புகார் அனுப்புவதால், உள்ளுறுப்பு எப்போதாவது கத்தினாலும் பழியைத் தசை மேலேயே போட்டுவிடும்.

லண்டனில் தாமஸ் லூயிஸிடம் வேலை பார்த்த ஜோனாஸ் கெல்கிரன் இதைத் தன் உடம்பிலேயே சோதித்தவர். 1930-களின் கடைசியில், முதுகெலும்புகளை இணைக்கும் தசைநார்களில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றி, வலி எங்கெல்லாம் போகிறது என்று படம் வரைந்தார். மேல்முதுகில் குத்தினால் நெஞ்சுப் பக்கம். நடுவில் குத்தினால் விலாவைச் சுற்றி வயிறு. இன்னும் கீழே, இடுப்பின் முதல் எலும்பருகே குத்தியபோது, சிறுநீரகக் கல் வலி என்று சத்தியம் செய்யும் அளவுக்கு ஒரு வலி. கல் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்! எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் ‘நெஞ்சு வலி, வயிற்று வலி’ என்று வருடக்கணக்கில் அலைகிறவர்களில் சிலருக்கு விடை முதுகில் இருப்பது இதனால்தான்.

ஏமாற்று எதிர்த்திசையிலும் நடக்கும். உயிரை எடுப்பது அதுதான். பரோட்டா, சால்னா என்று எண்ணெயாகச் சாப்பிட்ட ராத்திரியில் வலது சப்பட்டையின் கீழ் முனையில் குடைந்தால் பித்தப்பை. மேல்வயிற்றிலிருந்து முதுகுக்கு ஆணி இறக்கியது போல, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிந்தால் கணையம். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். மேடு ஏறும்போது வந்து, நின்றால் போகிற முதுகு வலி இதயத்தின் வலி. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சில் ஒன்றுமே இல்லாமல் முதுகில் மட்டும் வருவதுண்டு. ரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டவருக்குத் திடீரென்று துணி கிழிவது போல நடுமுதுகில் வலித்தால், மகாதமனி கிழிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கடைசி இரண்டுக்கும் சுளுக்கு வழிக்க ஆள் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை, 108தான்.

சப்பட்டை நடுவிலிருந்து விலாவோடு அரைப்பட்டை போல ஒரு பக்கம் மட்டும் எரிந்து, இ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால் நான் தோலைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். எழுதுகிற நாளிலேயே மாத்திரையும் வாங்கிவிடுங்கள்.

இனி முதுகெலும்பே கெட்டுப்போவது. அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒரே மாதிரி, ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி என்றால் எனக்குப் பயம் வரும். கூடவே சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் காசநோய். 1779-இல் பெர்சிவால் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த முதுகுக் கூனல் இதுதான். நுரையீரலுக்கு மட்டுமே காசநோய் வரும் என்று நினைப்பதால் இருமல் இல்லாதவரை யாரும் சந்தேகப்படுவதில்லை. புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது அதிகம் தங்குவதும் நடுமுதுகில்தான். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பே சிகிச்சை எடுத்தவர் முதுகு வலி என்று வந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தண்டுவடம் செல்லும் குழாய் இங்கே குறுகல். கால் தள்ளாடினாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே க.விலக்கு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, செடியின் அடியில் குனிந்தே காய் எடுத்து வயதான ஆத்தாக்களைப் பாருங்கள். “குடத்தத் தூக்குனேன், நடுமுதுகுல டக்குன்னுச்சு” என்பார்கள். எலும்பு நொறுங்கிய சத்தம் அது. மூன்றில் இரண்டு பேருக்கு இப்படி நொறுங்கியது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. வயசாச்சு, கூனிட்டா என்று வீட்டில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த அக்காவுக்கு இதில் எதுவும் இல்லை. காய்ச்சல் இல்லை, ராத்திரி நன்றாகத் தூக்கம், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை வலி பாதி. கழுத்துக்கும் தோளுக்கும் மூன்று பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். பந்தலைப் போய்ப் பார்த்தபோதுதான் மிச்சம் விளங்கியது. கம்பி ஆறடி வாக்கில் ஓடுகிறது. மருந்தடிக்கிற ஆண்களுக்குத் தோதான உயரம். அக்கா ஐந்தடிகூட இல்லை. குதிகாலைத் தூக்கி, கழுத்தை மடித்து, கத்தரியை எட்ட நீட்டுகிறார். பழம் அடுக்கும் கிரேடைக் கவிழ்த்து ஏறி நின்று வெட்டினால் என்ன என்று கேட்டேன்.

“கேட்டுப் பாத்தேன் சார். கிரேடு ஒடஞ்சா கூலில பிடிப்பேங்கறாக.”