பூங்காவில் கண்ட இளவேனில்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவர் ஒருவர்)

"சென்னையில் ஏதடா வசந்தம்? வெயில், கடும் வெயில், கத்தரி வெயில். மூன்றே பருவம்தான்!" என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேலி செய்தான். ஆங்கிலப் பாடநூலில் பனி உருகி வசந்தம் வருவதைப் படித்துவிட்டு, இங்கே பனியைத் தேடினால் கிடைக்குமா? அவனுக்கு விடை சொல்லவே சென்ற பிப்ரவரி நடுவிலிருந்து நாள்தோறும் காலையில், மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேசுவரராவ் பூங்காவுக்குக் குறிப்பேட்டுடன் போகத் தொடங்கினேன்.

மாசி, பங்குனியைப் பின்பனி என்றும், சித்திரை, வைகாசியை இளவேனில் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். ஆனால் பறவைகள் சித்திரை பிறக்கும்வரை காத்திருப்பதில்லை.

முதலில் அறிவித்தது குயில். அது வேனிலில்தான் எங்கிருந்தோ வருகிறது என்று எண்ணியிருந்தேன். உண்மையில் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறது. குளிர் மாதங்களில் பெரும்பாலும் வாய் திறவாததால் நாம் கவனிப்பதில்லை. மாசியில் ஒருநாள் விடியுமுன், தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல் இரண்டு முறை கூவி நிறுத்திக்கொண்டது. பத்து நாளில் விடாமல் கூவலாயிற்று. கூவுவது சிவந்த கண்ணுடைய கரிய ஆண்குயில். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பெண்குயிலின் குரலோ 'கிக் கிக்' என்னும் கூர்மையான ஒலி. பாடும் பெண்களைக் குயில் என்று பாராட்டும் நம் மேடைப் பேச்சாளர்கள் மன்னிப்பார்களாக!

காக்கைகள் சுள்ளி பொறுக்கத் தொடங்கியதும் அந்தக் கூவலின் பொருள் விளங்கியது. குயில் முட்டையிடுவது காக்கையின் கூட்டில். அந்த முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும். ஆகவே காக்கை வீடு கட்டும் காலமே குயிலுக்கு நல்ல காலம்.

மரங்களிலும் ஒரு புதுமை கண்டேன். மேலைநாட்டில் இலை உதிர்வதற்கும் துளிர்ப்பதற்கும் இடையே நீண்ட குளிர்காலம் உண்டு. இங்கே அரசும் புங்கும் வேம்பும் பழைய இலையை உதிர்த்த சூட்டோடு செந்தளிர் விடுகின்றன. கீழே சருகு, மேலே தளிர்!

வெயில் ஏறினால், கன்னார் செம்பு தட்டுவதுபோல் 'டொங்க், டொங்க்' என்று ஓர் ஒலி. அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பச்சைப் பறவை; நெற்றியும் மார்பும் சிவப்பு. ஒரு மரத்தின் பட்ட கிளையைப் பார்த்து, "இதை ஏன் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்?" என்று முதல்நாள் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். மார்ச் முதல் வாரத்தில் அந்தக் கிளையின் அடிப்பக்கத்தில் அழகிய வட்டத் துளை ஒன்று தோன்றியது. அதைக் குடைந்தது இந்தப் பறவையே. பச்சைக் கிளையின் கெட்டி மரத்தை அதன் அலகு எளிதில் குடையாது. உளுத்த கிளையே அதற்கு வீட்டுமனை.

இதையெல்லாம் கற்ற பிறகும் தவறு செய்யப் போனேன். நடைபாதையோரச் செம்பருத்திக் கிளை நுனியில் ஒட்டடையும் பட்டைத்தூளும் சேர்ந்த ஒரு குப்பை தொங்கியது. தட்டிவிடக் கையை நீட்டினேன்.

"தம்பி, தொடாதேப்பா! அது குப்பையில்லே, குருவிக்கூடு" என்றார் தோட்டவேலை செய்யும் அம்மா.

தேன்சிட்டின் கூடு! நாரைச் சிலந்தி நூலால் பிணைத்து, மேலே சருகும் பட்டையும் ஒட்டி, பக்கவாட்டில் வாசலும் அதன்மேல் சிறு தாழ்வாரமும் வைத்துப் பெண்பறவை கட்டியிருந்தது. பகையின் கண்ணுக்குக் குப்பையாகத் தோன்றவே இந்த வேலைப்பாடு. மூன்றாண்டு விலங்கியல் படித்த என் கண்ணும் ஏமாந்தது. அன்றுமுதல் பத்தடி தள்ளி நின்றே பார்த்தேன். முதலில் அலகு மட்டும் வாசலில் தெரிந்தது. பிறகு ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவந்தன.

செய்முறைத் தேர்வுக்காக நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் தோழனையும் அழைத்துச் சென்றேன். கூடு காலியாயிருந்தது. என் முகத்தைப் பார்த்த அந்த அம்மா, "நேத்துக் காலையிலே ரெண்டும் பறந்துபோச்சு தம்பி" என்றார். தோழன் எதுவும் பேசாமல் வெகுநேரம் அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.