அதீதத்தின் கணக்கு: ஒரு வேலை அறிவிப்பை முன்வைத்து

இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளும் நண்பர் ஒருவர், ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் அறிவிப்பைக் கொண்டுவந்து காட்டினார். காலநிலை அறிவியலில், அதீத நிகழ்வுகள் குறித்து ஆராய, முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர் தேவை. ஒப்பந்தம் இரண்டு வருடம். "அதீதம்னா உங்க ஆட்களுக்கு வேற ஏதோ ஞாபகம் வருமே" என்றார், கொஞ்சம் நக்கலாகத்தான். வரும். துரியாதீதம் வரும். ஆனால் இங்கே அதீதம் என்பது ஓர் எண். ஒரு நாளில் பெய்த மழை, ஓர் ஊரின் உச்ச வெப்பம், இவை எந்த வரம்பைத் தாண்டின, அப்படித் தாண்டுவது எத்தனை அபூர்வம் என்கிற கணக்கு.

'நூறு வருஷத்துல இல்லாத மழை' என்று மந்திரிகள் சொல்லும்போது ஏதோ சாமி குத்தம் மாதிரி ஒலிக்கிறது. நூறாண்டு மழை என்றால் எந்த வருடத்திலும் அது பெய்ய நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்று மட்டுமே அர்த்தம். அடுத்த வருடமே மறுபடி பெய்யலாம். அதற்குத் தடையேதும் இல்லை.

இந்தக் கணிதத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் எமில் கும்பெல். (ஒற்றைக்கொம்பை விட்டுவிட்டால் 'கும்பல்' ஆகிவிடும். அவர் வாழ்வை நினைத்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.) 1891இல் மியூனிக்கில் பிறந்தவர், யூதர், போர் எதிர்ப்பாளர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி 1922இல் புத்தகமாகப் போட்டார். வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. அந்த 354இல் 326க்குத் தண்டனையே இல்லை. இடதுசாரிகளின் 22 கொலைகளுக்கோ பத்துப் பேருக்கு மரண தண்டனை. எந்தக் கோஷமும் போடாமல், நீதிமன்றம் யார் பக்கம் நின்றது என்பதை ஓர் அட்டவணை சொல்லிவிட்டது. 1932இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையைப் பறித்தார்கள். 1933இல் நாஜிகள் குடியுரிமையைப் பறித்த முதல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பிரான்சுக்கும், 1940இல் அமெரிக்காவுக்கும் போனார். அங்கே ஆற்று வெள்ளங்களின் உச்சங்களைக் கணக்கிட்டவர், 1958இல் அதீதங்களின் புள்ளியியல் குறித்து எழுதிய நூல் இன்றைக்கும் அடிப்படை நூலாக இருக்கிறது. நண்பரின் கணினியில் உள்ள வளைகோட்டுக்கே கும்பெல் பெயர்தான்.

அறிவிப்பில் 'அட்ரிபியூஷன்' என்றொரு சொல் வருகிறது. 'காரணம் கற்பித்தல்' என்று மொழிபெயர்த்தேன். கற்பித்தலில் கற்பனையும் ஒட்டிக்கொண்டிருப்பதால் நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. 'பொறுப்புச் சாட்டுதல்' என்று வைத்துக்கொள்வோம். 2003 ஜனவரியில் இங்கிலாந்தில் தேம்ஸ் வெள்ளம் தன் வீட்டை நெருங்கிய நேரத்தில், ஆக்ஸ்ஃபோர்டின் இயற்பியலாளர் மைல்ஸ் ஆலன், இதற்கு யார் மீதாவது வழக்குப் போட முடியுமா என்று 'நேச்சர்' இதழில் கேட்டார். அதே வருடக் கோடையில் ஐரோப்பாவில் கொலைகார வெயில். அவரும் பீட்டர் ஸ்டாட், டைதி ஸ்டோன் ஆகியோரும் 2004இல், அப்படிப்பட்ட வெயிலுக்கான வாய்ப்பை மனிதச் செயல் குறைந்தது இரண்டு மடங்காவது ஆக்கியிருப்பது பெரும்பாலும் உறுதி என்று எழுதினார்கள்.

செய்முறை இதுதான். கணினிக்குள் இரண்டு உலகங்களை உண்டாக்குகிறார்கள். ஒன்று நாம் புகை விட்ட உலகம், மற்றது விடாத உலகம். இரண்டையும் ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டு, குறிப்பிட்ட வரம்பை மழையோ வெயிலோ எதில் எத்தனை தடவை தாண்டுகிறது என்று எண்ணுகிறார்கள். பதிவான பழைய அளவுகளோடு ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். சகுனியின் பகடையில் இன்ன வீச்சு சூதால் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த எண் நியாயமாக விழவேண்டியதைவிட எத்தனை மடங்கு அதிகமாக விழுகிறது என்று சொல்லிவிடலாம்.

நம்மவர்களுக்குச் சங்கடம் தரும் இடம் சென்னை. 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஃபிரெடரிக்கே ஆட்டோ உள்ளிட்ட குழு அதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டது. புவி வெப்பமாதலின் பங்கு எதுவும் அந்த மழையில் தெரியவில்லை என்றார்கள். காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் சூரிய ஒளியை மறிப்பதால் வங்கக் கடலின் மேற்கு ஓரம் குறிப்பிடும்படி சூடேறாமல் இருந்தது காரணமாகலாம் என்பது அவர்கள் ஊகம். அதாவது ஓர் அழுக்கு இன்னொரு அழுக்கை மறைத்திருக்கிறது. இதைச் சொன்னால் சுற்றுச்சூழல் தோழர்கள் சிலர், எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டதாகக் கோபிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வானத்தின் மேல் பழி போட முடியாமல் போகும்போதுதான் கண் தரைக்குத் திரும்புகிறது. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலம் எங்கே போனது, செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு யார் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்க முடிகிறது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையும் ஏரி நிர்வாகத்தின் தவறுகளைத்தான் பேசியது. 'எல்லாம் காலநிலை மாற்றம்' என்கிற சொல்லாடல் ஆட்சியாளர்களுக்கு எத்தனை சௌகரியம் என்பதை நாம் யோசிக்கவேயில்லை.

எல்லா 'தெரியவில்லை'யும் ஒன்றல்ல. சென்னையில் மழையளவுப் பதிவு நெடுங்காலமாக இருக்கிறது, அதனால் அங்கே பதிலுக்குப் பெறுமானம் உண்டு. 2023 மே மாதம் கிவு ஏரியைச் சுற்றி, ருவாண்டாவிலும் காங்கோவிலும், வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அங்கே போதிய மழைப் பதிவுகள் கிடைக்காததால் ஆய்வாளர்களால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. மழைமானி வைக்காத ஊரின் சாவு அட்டவணைக்குள்ளேயே வராது. கும்பெல் கொலைகளை எண்ண முடிந்ததற்குக் காரணம் செய்தித்தாளும் நீதிமன்ற ஏடும் இருந்தது. காலனியத்தின் விளிம்புகளில் ஏடே இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை வருவதை ஆராய இரண்டு வருடக் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். அது முடிந்ததும் வேறு ஊர், வேறு ஒப்பந்தம், மறுபடி விசா. நண்பரிடம் சொன்னேன். "இங்க மட்டும் என்ன சார், வருஷா வருஷம் புதுப்பிக்கறாங்க" என்றார்.

விண்ணப்பம் போட்டுவிட்டார். வளைகோட்டைத் தெரியும், அந்த ஆளைத் தெரியாது என்று சொல்லி, கொலைக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.