வயலும் வரப்பும்: மெமரிக்கு ஒரு நிரூபணம்

லேபில் நம்ம சி புரோகிராம் ஒருமுறை ஓடிவிட்டால் ரெக்கார்டில் எழுதிவிடுகிறோம். எந்த இன்புட்டுக்கும் சரிதான் என்று கணக்குப் போட்டு நிரூபிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவலி மெமரிதான்.

பி என்ற பாயின்டர் வழியாக 7 எழுதுகிறோம். எக்ஸ் மாறவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பி காட்டுவதே எக்ஸைத்தான் என்றால்? வேரியபிள் ஒவ்வொன்றும் தனிப்பெட்டி என்று வைத்துக்கொண்டால் நிரூபணம் சுலபம். ஆனால் அது பொய். எல்லாமே ஒரே பைட் வரிசை என்றால் உண்மைதான். ஆனால் "இதுவும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை" என்று வரிக்கு வரி நிரூபித்தே ஓய்ந்துபோவோம்.

பிரான்சில் சேவியர் லெராய் குழுவினர் காம்ப்செர்ட் கம்பைலருக்காக நடுவழி கண்டார்கள். மெமரி என்பது பல பிளாக்குகள். பாயின்டர் என்பது பிளாக் எண்ணும், அதற்குள் எத்தனையாவது பைட் என்பதும். வயல் வேலை பார்க்கும் எங்க அப்பாவுக்கு, "சர்வே நம்பரும், வரப்பிலிருந்து எத்தனை அடி என்பதும் மாதிரி" என்றேன், உடனே புரிந்துகொண்டார். எவ்வளவு கூட்டினாலும் அடுத்த வயலுக்குப் போக முடியாது. வரப்பைத் தாண்டும் புரோகிராமுக்கு அர்த்தமே கிடையாது, நிரூபணமும் அதற்குப் பொறுப்பேற்காது.

2011-ல் சிஸ்மித் என்ற சோதனைக் கருவி ஜிசிசி, எல்எல்விஎம் இரண்டிலும் பிழைகளை அள்ளியது. காம்ப்செர்ட்டின் நிரூபித்த பகுதியில் தவறாக மொழிபெயர்த்த இடம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனால் பாயின்டரை வெறும் எண்ணாக்கி எக்ஸார் போடும் வித்தையெல்லாம் இந்த மாடலில் எடுபடாது!