இரவொளி முகில்களும் பங்சார் வானமும்

வடநாடுகளில் கோடை நள்ளிரவில் வெள்ளியும் நீலமுமாய் மின்னும் முகில்களை ‘ஒளிர்முகில்’ என நாம் எழுதிவிடுகிறோம். மின்மினியைப் போல அவை தாமே ஒளிர்வதாக மாணவர் கருத இச்சொல் இடந்தருகிறது. உண்மையில் அவை கதிரவன் ஒளியையே சிதறச் செய்கின்றன. ஆகவே ‘இரவொளி முகில்’ என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

இவற்றின் வரலாறு நமக்கு அண்மையிலேயே தொடங்குகிறது எனலாம். 1883 ஆகஸ்டு 27இல், கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தெற்கே, சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் கதிரவன் பச்சையாகவும் நீலமாகவும் தோன்றியது. 1885 கோடையில் ஐரோப்பாவில் இம்முகில்கள் முதன்முறையாகப் பதிவாயின. எரிமலை மேலே செலுத்திய நீராவி காரணமா, அந்தி வானத்தை உற்றுநோக்கியோர் பெருகியது காரணமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ யெசே 1887இல் இவற்றை ஒளிப்படம் எடுத்தார். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, முக்கோணக் கணக்கால் உயரம் சுமார் 82 கிலோமீட்டர் எனக் கண்டார். பள்ளிக் கணக்கே அதற்குப் போதுமானதாயிருந்தது!

பங்சாரில் இவை தோன்றா. அவ்வுயரத்தில், விண்கல் துகள்மீது பனி படியச் சுழியத்திற்குக் கீழே 120 பாகை செல்சியசையும் தாண்டிய குளிர் வேண்டும். துருவத்தை ஒட்டிய பகுதிகளில், கோடையில் காற்று மேலெழுந்து விரிவதால் அக்குளிர் உண்டாகிறது. அங்கே கதிரவன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இரவு முழுதும் தங்குவதும் உண்டு. நமக்கோ அது மணிக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் செங்குத்தாக இறங்கிவிடுகிறது.

ஆயினும் அதே கணக்கை இங்கேயே செய்து பார்க்கலாம். மாலை இடிமழை ஓய்ந்த பின், 15 கிலோமீட்டர் உயரத்துக் கீற்றுமுகில் உச்சிக்கு நேரே இருப்பின், கதிரவன் மறைந்து கால் மணி நேரத்தில் ஒளியிழக்கும். 82 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு முகில் இருந்திருந்தால் அரை மணிக்கு மேலும் ஒளி பெற்றிருக்கும். கட்டடங்கள் அடிவானத்தை மறைப்பதால், மறைவு நேரத்தை நாட்காட்டியிலிருந்து எடுத்துக்கொள்க. கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி, நிமிடத்திற்கு ஒரு படம் எடுத்து, உச்சிமுகில் சாம்பல் நிறமாகும் நிமிடத்தைக் குறித்துவருக.